விட்டுப்போன ‘அல்ல’

நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடம் தட்டச்சு செய்துவிட்டு, மணிக்கட்டு வலி தாங்காமல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்ட ஒரு பெண், நாற்பத்தேழாவது வயதில் பல்கலைக்கழகத்துக்கு இளங்கலைத் தத்துவம் படிக்கப் போனாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. ‘மனசாட்சி’, ‘இயற்கை நீதி’, ‘நியாயமான சந்தேகம்’ என்ற சொற்களை அவள் தீர்ப்புகளில் ஆயிரக்கணக்கான தடவை அடித்திருந்தாள். சந்தேகத்தில் எது நியாயமானது, எது நியாயமில்லாதது என்று ஒருமுறை நீதிபதி ஒருவரையே கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அடிம்மா” என்றார். அடித்தாள். கேள்வி மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது.

அவள் கணவன் கடைவீதியில் பேட்டரி சார்ஜ் செய்யும் கடை வைத்திருந்தான். படித்து என்ன செய்யப் போகிறாய் என்று அவன் கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று மட்டும் கேட்டான். அவனே சமைப்பது என்று முடிவாயிற்று.

சேர்க்கைப் பிரிவில் மற்ற துறைகளுக்கு வரிசை நின்றது. தத்துவத்துக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், அது காலியாக இருந்தது. பொண்ணுக்கா, பையனுக்கா என்று விசாரித்த குமாஸ்தா, அவளுக்கேதான் என்று தெரிந்ததும் எழுந்து நின்றார். தானாகக் கேட்டு இந்தத் துறைக்கு வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்று, துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்.

வகுப்பில் அவளையும் சேர்த்துப் பத்தொன்பது பேர். மற்ற பதினெட்டுப் பேரும் வேறு எதையோ கேட்டு இது கிடைத்தவர்கள். பக்கத்தில் உட்கார்ந்த பெண் விலங்கியல் கேட்டிருந்தாள். அங்கே இடமில்லை, ரெண்டும் ஒரே மாடிதானே என்று சொல்லி இங்கே அனுப்பிவிட்டார்கள். முதல் வாரம் எல்லோரும் அவளை டைப்பிஸ்ட் அக்கா என்று கூப்பிட்டார்கள். இரண்டாவது வாரத்தில் அது டைப்பக்கா ஆயிற்று.

முதல் தாளைத் துறைத்தலைவரே நடத்தினார். நடத்தினார் என்றால், சொல்லச் சொல்ல எழுத வைத்தார். பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டை மடித்த துணியில் சுற்றிக் கொண்டுவருவார். அது அவருடைய குருநாதர் கைப்பட எழுதியது. முப்பத்தொரு வருடமாக அதிலிருந்துதான் வகுப்பு. ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று தடவை படிப்பார். முதல் தடவை வேகமாக எழுதுகிறவர்களுக்கு, இரண்டாவது மெதுவாக எழுதுகிறவர்களுக்கு, மூன்றாவது தூங்கி எழுந்தவர்களுக்கு. கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சொல்வார். ஏதாவது ஒரு எழுத்து சின்னதா பெரியதா என்று யாராவது கேட்டால் தலை நிமிராமலே பதில் வரும். வேறு எந்தக் கேள்விக்கும் அவர் பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை. டைப்பக்காவுக்கு இதெல்லாம் பழகிய வேலைதான். இன்னொருவர் சொல்ல எழுதுவதில் அவளை மிஞ்ச அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது.

பாடம் இருநூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு தத்துவவாதியைப் பற்றியது. உண்மையை எப்படி அறிவது என்பதற்கு அவர் நான்கு விதிகள் சொல்லியிருந்தார். ஒரு திங்கட்கிழமை துறைத்தலைவர் இரண்டாவது விதிக்கு வந்தார்.

“இரண்டாவதாக கமா, சொன்னவர் பெரியவர் என்பது கமா, சொன்னது உண்மை என்பதற்குச் சான்று. முற்றுப்புள்ளி.”

மூன்று தடவை சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பினார்.

“நான்காவதாக கமா, ஆகவே ஒவ்வொருவரும் தானே சோதித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர். முற்றுப்புள்ளி.”

டைப்பக்காவின் பேனா நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். ஒரு வாக்கியத்தில் ஏதாவது விழுந்துபோயிருந்தால் அவளுக்கு விரல் நுனியில் தெரியும். சொன்னவர் பெரியவர் என்பதே சான்று என்றால், அப்புறம் எதற்கு ஒவ்வொருவரும் சோதிக்க வேண்டும்? ‘ஆகவே’ எங்கிருந்து வந்தது? அதுவும் போகட்டும், மூன்றாவது எங்கே? எழுந்து நின்று கேட்டாள்.

துறைத்தலைவருக்குக் கோபம் வரவில்லை. மூன்றாவதைக் கேட்கும் மாணவரை அவருக்குப் பிடிக்கும். அந்தத் தத்துவவாதி மூன்றாவது விதியைச் சொல்லவே இல்லை, அந்த இடத்தில் அவர் வேண்டுமென்றே மௌனமாகிவிட்டார், ‘மூன்றாவது மௌனம்’ என்ற தலைப்பில் முந்நூற்று நாற்பது பக்கம் எழுதித்தான் தமக்கு முனைவர் பட்டம் கிடைத்தது என்று விளக்கினார். ‘ஆகவே’யைப் பற்றிக் கேட்டதற்கு, நோட்ஸில் இருப்பதை எழுதுங்கள் என்றார்.

அவள் முதல் பெஞ்சில் இருந்ததால் ஒன்று கவனித்திருந்தாள். அவர் திருப்பிய அந்தத் தாள் மற்றத் தாள்களைவிடத் தடிமனாக இருந்தது. ஓரத்தில் பழைய டீக்கறை. எப்போதோ டீ கொட்டி இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

அன்று மத்தியானமே நூலகத்துக்குப் போனாள். மூல நூலின் மொழிபெயர்ப்பு ஒரே ஒரு பிரதி இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள், ‘பார்வைக்கு மட்டும்’ என்ற அட்டையோடு. எடுத்துத் தரச் சொன்னாள். நூலகர் அட்டையைக் காட்டினார். பார்வைக்கு மட்டும் என்றால் பார்க்கலாம், படிப்பதற்குத் துறைத்தலைவர் கையெழுத்து வேண்டும் என்றார். அதற்கு ஒரு படிவம் உண்டு. ‘இந்நூலைக் கோரும் காரணம்’ என்ற இடத்தில் அவள் ‘படிக்க’ என்று எழுதிக் கொடுத்தாள். நான்கு நாள் கழித்து, காரணம் போதுமானதாக இல்லை என்று திரும்பி வந்தது. ‘ஐயம் தெளிய’ என்று எழுதினாள். துறை இருக்கும்போது ஐயம் எழ வாய்ப்பில்லை என்று திரும்பியது.

நூலகர் இரக்கப்பட்டார். பத்தொன்பது வருடமாக அந்த அலமாரிச் சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிற மனிதர். “தூசு தட்டறதுக்குன்னு எழுதுங்கம்மா. உடனே கெடைக்கும்” என்றார்.

உடனே கிடைத்தது. டைப்பக்கா மூன்று நாள் அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் தூசு தட்டினாள். நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் அது இருந்தது.

‘இரண்டாவதாக, சொன்னவர் பெரியவர் என்பது, சொன்னது உண்மை என்பதற்குச் சான்று அல்ல. மூன்றாவதாக, எந்த நூலும் படியெடுக்கும்போது பிழைபடும். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கற்பிக்கலாகாது. நான்காவதாக, ஆகவே ஒவ்வொருவரும் தானே சோதித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்.’

அவள் அதை மூன்று தடவை படித்தாள். அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. கோர்ட்டில் இப்படி ஒரு விடுபட்ட சொல்லைக் கண்டுபிடித்துச் சொன்னால் நீதிபதி நன்றி சொல்வார். ‘குற்றவாளி அல்ல’ என்பதில் ‘அல்ல’ போனால் ஒரு ஆள் உள்ளே போய்விடுவான். இங்கேயும் நன்றி சொல்வார்கள் என்று நினைத்தாள்.

அடுத்த வாரம் முதல் தாளுக்கு உள்தேர்வு. ‘சொன்னவர் பெரியவர் என்பது, சொன்னது உண்மை என்பதற்குச் சான்று — விளக்குக’ என்று பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி. டைப்பக்கா பக்க எண்ணோடு மூலத்தை எடுத்துக்காட்டி, கேள்வியில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது என்று மரியாதையாகக் குறிப்பிட்டு நான்கு பக்கம் எழுதினாள். அவளுக்குப் பூஜ்யம் வந்தது. விலங்கியல் கேட்ட பெண் நோட்ஸை அப்படியே ஒப்பித்து ஒன்பது வாங்கினாள். விடைத்தாள் திருத்தியவர் ஒப்பந்த ஆசிரியை. பதினொரு மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு வேலை முடிந்துபோகும், ஒருநாள் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி புதிதாகச் சேருவார். ஆறு வருடமாக அவர்தான் அந்தத் துறையின் புது ஆசிரியை. விடைக்குறிப்பில் இருப்பதற்குத்தான் மதிப்பெண் போட முடியும் என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். விடைக்குறிப்பு துறைத்தலைவர் தந்தது.

அந்தத் தாளில் தேறாவிட்டால் மேலே போக முடியாது. டைப்பக்கா முறையாக ஒரு மனு எழுதிக் கொடுத்தாள். அதுவரை பிழையாக இருந்தது, மனு வந்ததும் பிரச்சினையாகிவிட்டது. பதிவாளர் அலுவலகம், விசாரணைக் குழு அமைத்து அறிக்கை அனுப்பும்படி துறைத்தலைவரைக் கேட்டது. அவர் மூன்று பேர் கொண்ட குழு அமைத்தார். தலைவர், துறைத்தலைவர். உறுப்பினர், ஒப்பந்த ஆசிரியை. நடுநிலை உறுப்பினர், உடற்கல்வி இயக்குநர்.

விசாரணை அன்று குறிப்பெடுக்க ஆள் இல்லை என்று தெரிந்தது. துறைத்தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“நீங்கதான் டைப்பிஸ்ட்டாச்சேம்மா” என்றார். “நீங்களே எடுத்துடுங்க.”

மனு கொடுத்தவளே குறிப்பெடுக்கலாமா என்று அவள் கேட்டாள். தத்துவத் துறையில் நம்பிக்கைதான் அடிப்படை என்று பதில் வந்தது. அவள் சுருக்கெழுத்து நோட்டைத் திறந்தாள். பேசுகிறவர் வாயிலிருந்து வருவதை ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல் எடுப்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். அப்படியே எடுத்தாள்.

துறைத்தலைவர் எழுந்து நின்று பேசினார். உட்கார்ந்திருந்தது மூன்றே பேர்தான் என்றாலும் அவருக்கு நின்றால்தான் வரும்.

“முப்பத்தொரு வருஷமா இந்த நோட்ஸை ஆயிரத்துச் சொச்சம் பேர் எழுதியிருக்காங்க. எழுதினவங்க எல்லாரும் பாஸ். தப்பா இருந்தா எப்படிப் பாஸ் பண்ணியிருப்பாங்க? இதுல பாதிப் பேர் இன்னிக்கு வெளியூர் காலேஜ்ல இதையே நடத்திட்டு இருக்காங்க. இப்ப வந்து ‘அல்ல’ன்னா, அத்தனை பேரையும் திருப்பிக் கூப்பிடறதா? எங்க குருநாதர் பெரியவர். அவர் எழுதினது இது. இதைவிட என்ன சான்று வேணும்?”

“அந்தத் தாள் தடிமனா இருக்கு சார்” என்றாள் டைப்பக்கா, எழுதிக்கொண்டே. “ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆவியில காட்டிப் பிரிச்சா தெரிஞ்சுடும்.”

“குருநாதர் ஒட்டினதைப் பிரிக்க நான் யாரும்மா?”

“டீ கொட்டி ஒட்டியிருக்கு சார்.”

“அவர் டீ அது” என்றார் துறைத்தலைவர்.

அடுத்து உடற்கல்வி இயக்குநரின் கருத்து கேட்கப்பட்டது. தமக்குத் தத்துவம் தெரியாது என்று தொடங்கி இருபது நிமிடம் பேசினார். ஓட்டப் பந்தயத்தில் எல்லோரும் ஒரு பக்கம் ஓடும்போது ஒருத்தர் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினால், அவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் விதிப்படி தகுதி நீக்கம்தான், எது சரியான பக்கம் என்பது வேறு கேள்வி, அது மைதானத்தைச் சேர்ந்தது என்றார். பேசி முடித்ததும் ஆண்கள் அணிக்கு வருகைப்பதிவு எடுக்க வேண்டியிருந்ததால் எழுந்து போனார். அவருடைய சம்மதத்தை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில் துறைத்தலைவருக்குத் தொலைபேசி வந்தது. அவர் ஜன்னலோரம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு, யாரோ ஒருவருக்கு மாநாட்டில் சால்வை போடும் வரிசையைப் பற்றி உரக்கப் பேச ஆரம்பித்தார். மேசையருகே இரண்டு பெண்கள் மட்டும் இருந்தார்கள்.

“மேடம், அந்தப் புத்தகத்தை நீங்க பாத்திருக்கீங்களா?” என்று டைப்பக்கா கேட்டாள்.

ஒப்பந்த ஆசிரியை ஜன்னல் பக்கம் பார்த்தார். அப்புறம் குனிந்துகொண்டு, உதடு மட்டும் அசைய, “பாத்திருக்கேன். சேர்ந்த வருஷமே பாத்தேன். ‘அல்ல’ன்னுதான் இருக்கு. மூணாவதும் இருக்கு” என்றார்.

டைப்பக்கா அதையும் எடுத்தாள். எடுக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. கை எடுத்துவிட்டது.

தீர்மானம் இதுதான். மூல நூலில் அச்சுப்பிழை ஏற்பட்டுள்ளது. துறையின் குறிப்பேட்டை அடிப்படையாகக் கொண்டு நூல் திருத்தப்பட வேண்டும். மாணவியின் மதிப்பெண்ணில் மாற்றமில்லை. வயதைக் கருத்தில் கொண்டு ஒழுங்கு நடவடிக்கை கைவிடப்படுகிறது. அன்று மத்தியானமே நூலகர் வரவழைக்கப்பட்டு, நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் ‘அல்ல’வின் மேலும், மூன்றாவது விதியின் மேலும் வெள்ளைத் தாளை அளவாக வெட்டி ஒட்டினார். துறைத்தலைவர் சுருக்கொப்பம் இட்டார். முத்திரை வைத்தார்கள். அந்தப் பிரதி ஒன்றுதான். வேறெங்கும் அந்தச் சொல் இருந்ததற்கு இனி அடையாளமில்லை, ஒப்பந்த ஆசிரியையின் வாயிலிருந்து வந்த அந்த இரண்டு வரியைத் தவிர.

இது டைப்பக்காவுக்கு வீடு போய்ச் சேருவதற்குள் புரிந்துவிட்டது. இரண்டு நாள் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்து பதினான்கு பக்கம் அடித்தாள். டீ, மைதானம், சால்வை எல்லாம் இருந்தன. ஒன்பதாம் பக்கத்தின் அடியில் ஆசிரியையின் இரண்டு வரி இருந்தது. இதை ஒரு மனிதர் படித்தால் போதும் என்று அவள் நினைத்தாள். பல்கலைக்கழகத்தில் எங்கேயாவது ஒரு மனிதர்.

கையெழுத்துக்கு எடுத்துப் போனபோது, கோர்ட் வழக்கப்படி படித்துக் காட்டட்டுமா என்று கேட்டாள். நாம சொன்னதுதானே என்று துறைத்தலைவர் பதினான்கு பக்கத்திலும் மளமளவென்று கையெழுத்துப் போட்டார். உடற்கல்வி இயக்குநர் வராந்தாவில் நின்றபடியே, தாளை அவள் முதுகில் வைத்துப் போட்டார். ஒப்பந்த ஆசிரியை மட்டும் உட்கார்ந்து படித்தார். ஒன்பதாம் பக்கத்தில் பேனா நின்றது. நாளைக்குப் போடுகிறேன் என்று மூடியைத் திருகிவிட்டு எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் டைப்பக்காவைத் தேடி அவர் பேட்டரிக் கடைக்கே வந்துவிட்டார். கணவன் ஒரு லாரி பேட்டரியின் மூடிகளைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். வந்தவருக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு, சட்டையில் ஆசிட் பட்டுவிடும், தள்ளி உட்காருங்கள் என்றான். அவர் தள்ளி உட்கார்ந்தார். சார்ஜர் இரைந்துகொண்டிருந்தது.

“அக்கா, அந்த ரெண்டு வரிய எடுத்துடுங்க.”

டைப்பக்கா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“வர்ற மாசம் எனக்குப் பதினொண்ணு முடியுது. அவர் ஒரு கையெழுத்துப் போடலைன்னா நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்கம்மா படுத்த படுக்கையா கெடக்கறாங்க. பையன் மூணாங்கிளாஸ். வேற எங்க போனாலும் தத்துவம் படிச்சவளுக்கு என்ன வேலை குடுப்பாங்க, நீங்களே சொல்லுங்க.”

“நீங்க சொன்னது நெசந்தானே மேடம்?”

“நெசந்தான். அதான் பயமா இருக்கு.”

கோர்ட்டில் வேலை பார்த்தபோது ஒரு சாட்சி இதேபோல வீடு தேடி வந்து, வாக்குமூலத்தில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னான். அவனை அவள் வாசற்படி ஏறவிடவில்லை. அந்த நினைப்பு வந்தது. கூடவே, அவன் முகத்தை அன்றைக்குச் சரியாகப் பார்க்கவே இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது. இந்த முகம் மூன்றடி தூரத்தில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தது. கணவன் வேலையை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தான். மறுபடி குனிந்துகொண்டான்.

ஒன்பதாம் பக்கத்தை அவள் திரும்ப அடித்தாள். அந்த இரண்டு வரி இருந்த இடத்தை வெறுமனே விட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு எழுத்தை விட்டதில்லை. தத்துவம் படிக்கச் சேர்ந்து ஏழாவது மாதம் இரண்டு வரியை விட்டாள். புதுப் பக்கத்தைக் கொடுத்தபோது, எதற்கு மறுபடி என்று துறைத்தலைவர் கேட்கவே இல்லை. நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்துப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. துறையின் தீர்மானம் ஏற்கப்படுகிறது என்று ஒரு வரி. அறிக்கையின் அமைப்பு நேர்த்தியாக இருப்பதால் எல்லாத் துறைகளும் இதையே மாதிரியாகக் கொள்ளலாம் என்று இன்னொரு வரி. ஆனால் ஒன்பதாம் பக்கத்தின் அடியில் இரண்டு வரி அளவு இடம் காலியாக உள்ளது, அதற்கு விளக்கம் தேவை என்று மூன்றாவது வரி.

படித்திருக்கிறார்கள் என்று டைப்பக்கா ஒரு நிமிடம் நம்பினாள். பிறகு சேர்க்கைப் பிரிவுக் குமாஸ்தாவை விசாரித்ததில், பக்கங்களை அளவுகோல் வைத்துப் பார்ப்பதற்கு அங்கே ஒரு பிரிவு இருப்பது தெரியவந்தது. துறைத்தலைவர் விளக்கத்தைத் தாமே தம் கையால் எழுதி அனுப்பினார். அந்த இடத்தில் துறையின் மரபுப்படி மௌனம் கடைப்பிடிக்கப்பட்டது என்பதுதான் விளக்கம். விளக்கம் திருப்திகரமாக உள்ளதென்று ஒரே வாரத்தில் கடிதம் வந்தது. இதற்கிடையில் ஒப்பந்த ஆசிரியை வேலை முடிந்து, ஒருநாள் வீட்டில் இருந்துவிட்டு, புதிதாகச் சேர்ந்திருந்தார்.

ஆண்டுத் தேர்வில் அதே கேள்வி வந்தது. டைப்பக்கா அதே பதிலை எழுதினாள். இந்தத் தடவை மூல நூலை மேற்கோள் காட்ட வழியில்லை, அதனால் தன் சொந்த யோசனையாகவே எழுதினாள். சொன்னவர் யார் என்று பார்த்து உண்மையை முடிவு செய்தால், பேசத் தெரியாத ஆளுக்குக் கோர்ட்டில் என்ன கதி ஆகும் என்று, தான் பார்த்த மூன்று வழக்குகளை வைத்து எழுதினாள். அவள் வாழ்க்கையில் யாரும் சொல்லாமல், தானாக எழுதிய முதல் ஐந்து பக்கம் அதுதான். எழுதி முடித்தபோது மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஆனால் மனசுக்குள் ஏதோ ஒன்று அவிழ்ந்த மாதிரி இருந்தது.

அந்தக் கேள்விக்குப் பூஜ்யம். தாளில் மூன்று மதிப்பெண் குறைந்து தோல்வி. திருத்தியவர் ஒப்பந்த ஆசிரியை.

முடிவு ஒட்டிய பலகையருகே அவர் நின்றிருந்தார். டைப்பக்காவைப் பார்த்ததும் வேறு பக்கம் நகரப் பார்த்தார், முடியவில்லை.

“நல்லா எழுதியிருந்தீங்கக்கா” என்றார். “ரெண்டு தடவை படிச்சேன்.”

“அப்புறம்?”

“விடைக்குறிப்புல அது இல்லையே.”

டைப்பக்காவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. “அன்னிக்கு உங்க முகத்தைப் பாத்துட்டு ரெண்டு வரிய எடுத்தேன். அது நான் செஞ்ச தப்பு, உங்க தப்பில்ல” என்றாள். “இன்னிக்கு நீங்க என் தாளைப் படிச்சுட்டு முட்டை போட்டீங்க பாருங்க, அது உங்க தப்பு. அதை நான் எடுக்க முடியாது.”

ஆசிரியை ஏதோ சொல்ல வாயைத் திறந்து, அந்தப் பக்கம் துறைத்தலைவர் வருவதைப் பார்த்து மூடிக்கொண்டார். துறைத்தலைவர் டைப்பக்காவைப் பார்த்து நின்றார். மூன்று மார்க்கில் போச்சாமே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். நோட்ஸை மட்டும் படிங்கம்மா, யோசிச்சுட்டா எல்லாம் கெட்டுப்போகும் என்று அறிவுரை சொல்லிவிட்டு நடந்தார்.

வீட்டில் கணவன், போதும் விட்டுவிடலாமே என்று முதல் தடவையாகச் சொன்னான். அவள் கோபத்தில் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நான்காவது நாள் காலையில் டப்பாவில் சாப்பாடு கட்டச் சொன்னாள். அவன் கட்டினான்.

தோற்ற தாளுக்கு அடுத்த ஆண்டு மாணவர்களோடு மறுபடி வகுப்பில் உட்கார வேண்டும் என்பது விதி. டைப்பக்கா உட்கார்ந்தாள், இந்தத் தடவை கடைசி பெஞ்சில். இருபத்தொரு புதுப் பிள்ளைகள். வேறு எதையோ கேட்டு வந்தவர்கள். எல்லார் முன்னாலும் புது நோட்டு, கூர்மையான பேனா. துறைத்தலைவர் துணியைப் பிரித்தார், பழுப்பு அட்டையைத் திறந்தார். நாலு வாரம் போனது. ஐந்தாவது வாரம் இரண்டாவது விதி வந்தது.

“இரண்டாவதாக கமா, சொன்னவர் பெரியவர் என்பது கமா, சொன்னது உண்மை என்பதற்குச் சான்று” என்று படித்து, அவர் மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினார்.

“அல்ல” என்றாள் டைப்பக்கா. சத்தமாகச் சொல்லவில்லை. சாட்சிக் கூண்டிலிருப்பவர் கடைசியாகச் சொன்னது சரிதானா என்று திருப்பிப் படிக்கிற அதே குரலில், தெளிவாக, “அல்ல. முற்றுப்புள்ளி” என்றாள்.

இருபத்தொரு பேரும் எழுதினார்கள். குரல் எங்கிருந்து வந்தது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுதச் சொன்னால் எழுதுவது என்று நாலு வாரத்தில் பழகியிருந்தது.

துறைத்தலைவரின் கை நோட்டின் மேல் அப்படியே நின்றது. வாய் திறந்திருந்தது. வகுப்பைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். அவர் என்ன சொல்ல நினைத்தாரோ, அதற்குள் முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் கையைத் தூக்கிவிட்டாள்.

“சார், ‘அல்ல’வுக்கு ஒரு ல-வா, ரெண்டு ல-வா?”

முப்பத்திரண்டு வருடப் பழக்கம். அவர் தலை நிமிராமலே, “ரெண்டு” என்றார்.